யாஷிகா 124ஜி ரிப்பேர்: கடைல என்ன சொல்லணும், எதை விட்டுடணும்

பழைய ஃபிலிம் கேமராவை ரிப்பேருக்குக் குடுக்கும்போது "கொஞ்சம் சர்வீஸ் பண்ணிக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. அப்படிச் சொன்னா மேல பளபளன்னு துடைச்சு, ஷட்டருக்குள்ள எதையாவது ரெண்டு சொட்டு விட்டு, கடைலயே நாலு தடவ கிளிக் பண்ணிக் காட்டி "ஓடுது பாருங்க மேடம்"னு கைல குடுத்துடுவாங்க. ஓடும்தான், கொஞ்ச நாள்ல திரும்பவும் படுத்துக்கும். எங்க சித்தப்பாவோட யாஷிகா மேட் 124ஜியை ஓட வைக்கறதுக்குள்ள நான் கத்துக்கிட்டதுல பாதி இதுதான்: வியாதி என்னன்னு நாமளே வீட்ல பாத்து எழுதி எடுத்துட்டுப் போகணும். மீதி பாதி, எதையெல்லாம் ரிப்பேர் பண்ணவே வேண்டாம்னு துணிஞ்சு விடறது.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. மேலயும் கீழயுமா ரெண்டு லென்ஸ் இருக்கும், இடுப்புகிட்ட பிடிச்சு குனிஞ்சு பாத்து எடுக்கணும், அந்த டைப் கேமரா இது. மேல் லென்ஸ் நாம பாக்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க, ரெண்டுமே 80 எம்எம். 120ங்கற அகலமான ரோல் ஃபிலிம் போட்டா 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரத்துல 12 படம். 1970ல வந்து 1986 வரைக்கும் தயாரானது. விலை கூடின ஜெர்மன் கேமரா ரோலிஃப்ளெக்ஸுக்குக் காசு எட்டாத ஸ்டுடியோக்காரங்க நம்ம பக்கம் நிறைய பேர் யாஷிகாவ வச்சுத்தான் பொழச்சாங்க. சித்தப்பா கும்பகோணத்துல ஸ்டுடியோ வச்சிருந்தப்ப கல்யாணம், காதுகுத்து, காலேஜ் குரூப் போட்டோ எல்லாம் இதுலதான், ஊட்டில தயாரான இந்து பிளாக் அண்ட் ஒயிட் ஃபிலிம்ல ஆரம்பிச்சு கலர் வந்து அதுவும் தேயற வரைக்கும் எடுத்திருக்காரு. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் மூடியாச்சு, யாஷிகாவ வாங்கின க்யோசெரா கம்பெனியும் 2005ல கேமரா தொழிலையே விட்டுட்டாங்க. அதனால கம்பெனி சர்வீஸ் சென்டர், ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ்ங்கற பேச்சே கிடையாது, வயசான நாலஞ்சு மெக்கானிக்குகளும் அவங்க பெட்டில கிடக்கற செத்த கேமராக்களும்தான் நமக்கு கதி.

எனக்கு வந்த கேமரால முதல் பார்வைக்கு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஷட்டர் ஸ்பீடை 1/125, 1/250 செகண்ட்ல வச்சு தட்டினா டக் டக்னு அடிக்குது. ஆனா வேகத்தக் குறைச்சுட்டே வந்தா 1/8ல இருந்து இழுக்க ஆரம்பிச்சு, 1 செகண்ட்ல வச்சா தொறந்தது தொறந்தபடியே நின்னுடுது, ஒரு தட்டு தட்டினாத்தான் மூடுது. சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "பாப்பா, ஃபோனை கேமராகிட்ட வச்சு ஒரு செகண்ட்ல அடி"ன்னாரு. அடிச்சேன். "ஜ்ஜ்ஜ்ஜ்னு ஒரே சீரா ஓடணும், இது இருமுதே"ன்னாரு. அவ்ளோதான், ஃபோன்லயே நோயைக் கண்டுபிடிச்சாச்சு.

அந்த ஜ்ஜ்ஜ் சத்தம் எங்கேந்து வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இந்த கேமரால இருக்கறது கோப்பால் (Copal) எஸ்வி ஷட்டர், லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவுல மெல்லிசான இரும்புத் தகடுகள், அதத்தான் பிளேடுங்கறாங்க, அது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூடியிருக்கும், ஸ்ப்ரிங் இழுத்தா தொறந்து மூடும். வேகமா அடிக்கறதுக்கு ஸ்ப்ரிங் மட்டும் போதும். மெதுவா அடிக்கணும்னா அந்த ஸ்ப்ரிங்கைப் பிடிச்சு நிறுத்தி நிறுத்தி விட குட்டி குட்டி பல்சக்கரமா ஒரு செட் இருக்கு, கடிகாரத்துல இருக்கறது மாதிரியே. 30, 40 வருஷம் முன்னாடி விட்ட எண்ணெய் அந்தப் பல்சக்கரங்கள்ல காஞ்சு பிசினாகிடும். அதனாலதான் வேகமான ஸ்பீடெல்லாம் நல்லா இருக்கும், மெதுவான ஸ்பீடு மட்டும் திணறும். இதைப் பாத்துட்டு "ஷட்டரே போச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எதுவும் உடையல, அழுக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். நேர்மாறா, எல்லா ஸ்பீடுலயுமே பிளேடு சோம்பலா நகருது, இல்ல நகரவே மாட்டேங்குதுன்னா எண்ணெய் கசிஞ்சு பிளேடு மேல படிஞ்சிருக்குன்னு அர்த்தம், அது வேற வேலை. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சாலே மெக்கானிக் உங்கள கொஞ்சம் நிமிந்து பாப்பாரு.

காதால கேட்டா மட்டும் போதாது, அளந்து வச்சுக்கணும், அதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம். இப்ப நிறைய ஃபோன் ஸ்லோ மோஷன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்குது. கேமராவோட பின் கதவைத் தொறந்து வச்சு, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தப் பாத்து நிறுத்தி, பின்னாடி இருந்து ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்துக்கிட்டே ஷட்டரை அடிங்க. அப்புறம் வீடியோவ ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி வெளிச்சம் எத்தனை ஃப்ரேம் தெரியுதுன்னு எண்ணுங்க. 1 செகண்டுக்கு 240, அரை செகண்டுக்கு 120, 1/8க்கு 30, 1/30க்கு 8 வரணும். 1/60க்கு 4தான், அதுக்கு மேல இந்த வித்தை செல்லாது. ட்யூப்லைட்டு, எல்இடி பல்பு வெளிச்சத்துல மட்டும் இதைப் பண்ணாதீங்க, நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ்ங்கறதால லைட்டே செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், எண்ணிக்கை குழம்பிடும், பகல் வெளிச்சம்தான் சரி. என் கேமரால 1/8க்கு 30 வர வேண்டிய இடத்துல 70க்கு மேல வந்துச்சு. இதையெல்லாம் ஒரு பேப்பர்ல, ஸ்பீடு ஒரு பக்கம், வந்த எண்ணிக்கை ஒரு பக்கம்னு எழுதி வச்சேன். அந்தப் பேப்பர்தான் பின்னாடி ரொம்ப உதவுச்சு.

அடுத்தது லென்ஸ். ஷட்டரை 'பி'ல (B, அழுத்தியிருக்கற வரைக்கும் தொறந்தே இருக்கற நிலை) வச்சு அழுத்திப் பிடிச்சுட்டு (கேபிள் ரிலீஸ்னு பட்டன்ல மாட்டற ஒயர் இருந்தா பூட்டிடலாம், கை ஃப்ரீ) பின்னாடி இருந்து ஃபோன் டார்ச்சை சாய்வா அடிச்சு முன்பக்கம் பாருங்க. நேரா அடிச்சா எல்லா லென்ஸும் சுத்தமாத்தான் தெரியும், விக்கறவங்க போட்டோ எடுத்துப் போடறதும் அப்படித்தான். சாய்வா அடிச்சா வண்டவாளம் தெரியும். வேர் விட்ட மாதிரி நூல் நூலா இருந்தா ஃபங்கஸ், மொத்தமா பால் படிஞ்ச மாதிரி இருந்தா ஹேஸ், ஓரத்துல வானவில் கலர்ல வட்டம் தெரிஞ்சா ரெண்டு கண்ணாடிய ஒட்டியிருக்கற பசை விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஹேஸ் பெரும்பாலும் துடைச்சாப் போயிடும். ஃபங்கஸ் புதுசா இருந்தா போகும், ரொம்ப நாள் ஆயிருந்தா மேல்பூச்சையே அரிச்சிருக்கும், துடைச்சாலும் தழும்பு நிக்கும். பசை விட்டதுக்கு செலவு பண்றது வீண், வேற கேமராவப் பாருங்க. எனக்கு கீழ் லென்ஸ்ல லேசா ஹேஸ், மேல் லென்ஸ்ல நல்லா தோட்டம் போட்ட ஃபங்கஸ்.

அப்புறம்தான் கண்ணாடி விஷயம் தெரிஞ்சுது, இதை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. மேல் லென்ஸுக்குப் பின்னாடி 45 டிகிரில ஒரு கண்ணாடி இருக்கும், அதுலதான் உருவம் பட்டு மேல வரும். என் கேமரால குனிஞ்சு பாத்தா ஜன்னல் கம்பிக்கெல்லாம் பக்கத்துல மங்கலா இன்னொரு கம்பி தெரியுது. கண்ணுல பவர் ஏறிடுச்சோன்னு நெனச்சேன், ஆனா வெறும் கண்ணுக்கு ஒழுங்காத் தெரியுது. மேல் மூடியோட நாலு ஸ்க்ரூவக் கழட்டினா அந்தக் கண்ணாடி தெரியும். ஒரு டூத்பிக் முனைய மெதுவா கண்ணாடி மேல வச்சேன். இந்த மாதிரி கேமராக்கள்ல பிம்பம் காட்டற பூச்சு கண்ணாடியோட முன்பக்கத்துலயே இருக்கணும், அப்படி இருந்தா குச்சி முனையும் அதோட பிம்பமும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும். இங்க ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அதாவது எப்பவோ ஒரு காலத்துல ஒரிஜினல் கண்ணாடி போயி, யாரோ வீட்டு முகம் பாக்கற கண்ணாடிய வெட்டி உள்ள ஒட்டியிருக்காங்க! சித்தப்பாவக் கேட்டா "ஆமா, ஒருக்கா ஒருத்தன் மாத்தினான், அதுலேந்து கிட்டத்துல எடுத்தா கொஞ்சம் அவுட்டாத்தான் வரும், நான் எஃப் 8க்குக் கீழ தொறக்கறதே இல்ல"ன்னு சாதாரணமா சொல்றாரு (எஃப் நம்பர்ங்கறது லென்ஸ் துளையோட அளவு, நம்பர் கூடக்கூட துளை சின்னதாகும், ஃபோகஸ் பிசகும் அவ்வளவா தெரியாது). பூச்சு பின்பக்கம் போனதால வெளிச்சம் கண்ணாடியக் கடந்து போய்த் திரும்பி வருது, அதனால மேல நாம பாக்கற ஃபோகஸும் கீழ ஃபிலிம்ல விழற ஃபோகஸும் பொருந்தாது. மனுஷன் அதோடயே இத்தனை கல்யாணம் எடுத்திருக்காரு.

இவ்வளவையும் எழுதிட்டுத்தான் சென்னைல ஒரு கடைக்குப் போனேன், பேர் வேண்டாம். கவுண்டர்ல இருந்த தம்பி பேப்பரப் பாக்கவே இல்ல, வாங்கி வச்சுக்கிட்டாரு. திரும்ப வாங்கினப்ப 1 செகண்ட் அழகா ஓடுச்சு, எனக்கே ஆச்சரியம். பத்து நாள் கழிச்சு மறுபடி அதே இழுவை, கூடவே இப்ப பிளேடு மேலயும் ஒரு மினுமினுப்பு. என்ன பண்ணியிருப்பாங்கன்னா, லைட்டர் பெட்ரோல் மாதிரி எதையாவது முன்னாடி இருந்தே ஊத்திக் குலுக்கியிருப்பாங்க. அது பழைய எண்ணெயக் கரைக்கும், ஆனா கரைஞ்ச எண்ணெய் எங்க போகும்? உள்ளேயேதான் சுத்தி பிளேடுல போய் உக்காரும். பெட்ரோல் காஞ்சதும் எல்லாம் பழையபடி பிடிச்சுக்கும். அதோட லென்ஸ் மூடியும் காணோம். நீங்க குடுக்கவே இல்லன்னு சாதிச்சாங்க. இந்த கேமராவுக்கு மாட்டற மூடி சாதாரண ஸ்க்ரூ டைப் இல்ல, பேயனெட் 1னு ஒரு தனி சைஸ், தேடி அலையணும். அதனால குடுக்கறதுக்கு முன்னாடியே மூடி, ஃபில்டர், வார், தோல் உறை எல்லாத்தையும் கழட்டி வீட்ல வச்சுட்டு வெறும் பாடிய மட்டும் குடுங்க, சீரியல் நம்பர் தெரியற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க.

ரெண்டாவதா ஒரு போட்டோகிராஃபர் அண்ணன் சொல்லி ஒரு பாய்கிட்ட போனேன். போர்டு கூட கிடையாது, மாடிப்படிக்குக் கீழ ஒரு மேஜை, ஒரு டேபிள் லைட், சுவத்துல அடுக்கடுக்கா பிஸ்கட் டின். ஃபிலிம் காலத்துல இருந்து இதே வேலை, இப்ப வயித்துப் பொழப்புக்கு டிஜிட்டல் லென்ஸும் புரொஜக்டரும் பாக்கறாரு. என் பேப்பர வாங்கி கண்ணாடிய நெத்தில ஏத்திவிட்டு முழுசாப் படிச்சாரு. "யாரும்மா சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"னு கேட்டுட்டு, "கண்ணாடி ஐட்டம் சரியா சொல்லிருக்க, அத முதல்ல பாக்கணும். ஆனா உக்காந்து பாக்கறதுன்னா பேசக்கூடாது"ன்னாரு. எனக்கு அது போதும்.

அவர் வேலை பண்றதப் பாத்ததுல தெரிஞ்சது, வீட்ல நாமளே பண்ணலாம்னு வீடியோல காட்டறாங்களே, அது எங்க மாட்டும்னு. முன்பக்கத் தோல் மாதிரி இருக்கற ரெக்சினை மெல்லிசான பிளேடால ஒரு ஓரத்துல இருந்து மூச்சு விடாமன்னுதான் சொல்லணும், மெதுவாத் தூக்குறாரு. 40 வருஷ ரெக்சின் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதுக்கு அடியிலதான் முன்தகட்டோட ஸ்க்ரூ இருக்கு. அதைக் கழட்ட எடுத்தது நாம வீட்ல வச்சிருக்கற ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் இல்ல, ஜப்பான் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ்னு தனி முனை, சாதா ஸ்டார் போட்டா தலை வழுக்கிடும், வழுக்கிட்டா அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். தகடு வந்ததும் ஷட்டரைத் தொறந்து அந்தப் பல்சக்கர செட்டை தனியாவே கழட்டி எடுத்தாரு, கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கு. ஒயிட் பெட்ரோல்ல போட்டதும் பழுப்பா கலங்குச்சு. மோந்து பாத்துட்டு "தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்காங்கம்மா"ன்னாரு. எந்தக் காலத்துல யார் விட்டதோ. ரெண்டு தடவ பெட்ரோல் மாத்தி, காய வச்சு, ஒரு ஊசி முனைல வாட்ச் எண்ணெயத் தொட்டு, சக்கரத்தோட அச்சு உக்கார்ற துளைல மட்டும் வச்சாரு. சொட்டு இல்ல, ஊசில ஒட்டியிருக்கற அளவு. பல்லுல எண்ணெய் கிடையாது, பிளேடுல சுத்தமா கிடையாது, பிளேடு எப்பவும் காஞ்சுதான் இருக்கணும். டபிள்யூடி 40, தேங்கெண்ணெய், மெஷின் எண்ணெய்னு யோசிக்கறவங்க இந்த ஒரு விஷயத்தையாவது மனசுல வச்சுக்கோங்க.

கண்ணாடிக்கு அவர் வழி சொன்னாரு, புதுசா ஆர்டர் பண்ண வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒடஞ்ச ஸ்கேனர் ஒண்ணு எடுத்துட்டு வான்னாரு. ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின் உள்ள இருக்கற நீளக் கண்ணாடி எல்லாமே முன்பக்கம் பூசினதுதான். எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன், தடிமன அளந்து, போதாததுக்கு அடியில மெல்லிசா அட்டை வச்சு சரிகட்டி உக்கார வச்சாரு. இந்தக் கண்ணாடிய துணியால துடைக்கவே கூடாது, பூச்சு கையோட வந்துடும், ப்ளோயர்ல ஊதி விடறதோட நிறுத்திக்கணும்.

அப்புறம் பேரம். நான் எழுதிட்டுப் போனதுல பாதியை அவரே அடிச்சு விட்டுட்டாரு. மேல் லென்ஸ் ஃபங்கஸ் வழிக்கே போக வேண்டாம், அது படத்துல வராது, கொஞ்சம் மங்கலாத் தெரியும், அவ்வளவுதான்னாரு. ஆனா ஒண்ணு, அந்தப் ஃபங்கஸ் கீழ் லென்ஸுக்குப் பரவுமேன்னு கேட்டேன், ஈரம் இல்லாம வச்சா எங்கயும் போகாதுன்னாரு, நியாயம்தான். செல்ஃப் டைமர் லீவரைத் தொடவே தொடாதேன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு, பழைய ஷட்டர்கள்ல அது பாதி வழில நின்னுட்டா முழு ஷட்டரும் பூட்டிக்கும், நம்ம ஃபோன்லயே டைமர் இருக்கறப்போ இதுல என்ன ஆசைன்னு. ரெக்சின்ல இருக்கற விரிசலுக்கு ஒண்ணும் பண்ணல. பின்கதவு ஓரத்துல இருக்கற ஸ்பாஞ்சு மட்டும் தார் மாதிரி ஆகி கைல ஒட்டுச்சு, அதை ஸ்பிரிட்ல துடைச்செடுத்து புதுசு ஒட்டினோம். இதை நீங்களே வீட்ல பண்ணலாம், தையல் சாமான் கடைல கிடைக்கற கருப்பு வெல்வெட் ரிப்பன் கூடப் போதும், மெல்லிசா இருக்கணும், தடியா ஒட்டினா கதவு மூடாது.

மீட்டர்தான் பெரிய விவாதம். இதுல வெளிச்சத்த அளக்கற சிடிஎஸ் மீட்டர் பிஎக்ஸ் 625ங்கற பாதரச பேட்டரில ஓடறது, 1.35 வோல்ட், அந்த பேட்டரி இப்ப தடை. அதே சைஸ்ல வர்ற அல்கலைன் 1.5 வோல்ட், போகப்போக இறங்கிட்டே வரும், மீட்டர் ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு கதை சொல்லும். காது மெஷினுக்குப் போடற 675 நம்பர் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட பொருந்தும், சின்னதா இருக்கும், சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டா உக்காந்துக்கும், ஸ்டிக்கரப் பிச்சுட்டா சில வாரம்தான் ஆயுசு, ஆனா விலை கம்மி. இதெல்லாம் பேட்டரி அறை நல்லா இருந்தாத்தான். எனக்கு உள்ள பச்சைப் பச்சையா பூத்து ஒயரும் அரிச்சிருந்துச்சு. மாத்தலாம்தான், ஆனா அந்த சென்சாரே கிழடு தட்டியிருக்கும், காசு குடுத்து ஒயர் மாத்தி அது தப்பாக் காட்டினா என்ன பண்றது? சித்தப்பா "மீட்டர நான் 85லயே நம்பறத விட்டுட்டேன் பாப்பா, வெயில் அடிச்சா ஒரு கணக்கு, மரத்தடின்னா ஒரு கணக்கு"ன்னாரு. பளிச்சுனு வெயில்னா எஃப் 16, ஷட்டர் ஃபிலிம் ஸ்பீடுக்குப் பக்கத்து நம்பர், அதாவது 400 ஃபிலிம்னா 1/500. மத்ததுக்கு ஃபோன்ல இலவச மீட்டர் ஆப். அதனால மீட்டர் செத்தது செத்தபடியே கிடக்கட்டும்னு விட்டாச்சு, வினிகர் தொட்ட பஞ்சால அந்தப் பச்சைய மட்டும் துடைச்சு வச்சேன். ஷட்டருக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லாத, முழுக்க மெக்கானிக்கல் கேமராங்கறதாலதான் இந்த தைரியம். யாஷிகா எலக்ட்ரோ 35, கேனான் ஏஈ 1 மாதிரி பேட்டரிய நம்பி ஓடறதுன்னா இந்தக் கணக்கு செல்லாது, அதுல எலக்ட்ரானிக்ஸ் போச்சுன்னா பெரும்பாலும் இன்னொரு கேமராவ ஒடச்சு எடுக்கறதுதான் வழி.

கண்ணாடி மாத்தினாலோ, முன்தகடு கழட்டினாலோ ரெண்டு லென்ஸும் ஒரே இடத்துல ஃபோகஸ் ஆகுதான்னு கட்டாயம் பாக்கணும். பாய் பாத்துத்தான் குடுத்தாரு, இருந்தாலும் வீட்ல ஒரு தடவ நானும் பாத்தேன், இது ஒண்ணும் கஷ்டமில்ல. பின்கதவைத் தொறந்து ஃபிலிம் உக்கார்ற ரெயில் மேல ஒரு டிரேசிங் பேப்பரை ஒட்டின சின்ன கண்ணாடித் துண்டை வைங்க, பேப்பர் பக்கம் லென்ஸைப் பாத்து இருக்கணும். ஷட்டரை 'பி'ல பூட்டி, லென்ஸ் எஃப் 3.5ல முழுசாத் தொறந்து, ஸ்டாண்ட்ல நிறுத்தி, மொட்டை மாடில இருந்து தூரத்துல இருக்கற மொபைல் டவரைப் பாருங்க. மேல ஃபோகஸ் ஸ்க்ரீன்ல டவர் கம்பி கூர்மையா இருக்கும்போது பின்னாடி பேப்பர்லயும் அதே கம்பி கூர்மையா இருக்கணும், தலைகீழாத் தெரியும், பரவாயில்ல. லூப் இல்லன்னா நகைக்கடைல பாக்கற பூதக்கண்ணாடி போதும். அப்புறம் ஒரு ரெண்டு மீட்டர் தள்ளி நியூஸ்பேப்பர ஒட்டி அதையும் ஒரு தடவ பாத்துக்கோங்க. பொருந்தலன்னா மேல் லென்ஸை மட்டும் லேசா திருப்பித்தான் சரி பண்ணுவாங்க, கீழ் லென்ஸைத் தொட வேண்டியதில்ல. இந்த டெஸ்ட்ட ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி பண்ணுங்க, ஃபிலிம் விக்கற விலைக்கு ஒரு ரோலை அவுட் ஆஃப் ஃபோகஸ்ல எடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்ல இது.

முதல் ரோலை அழகா படம் எடுக்கறதுக்குன்னு வச்சுக்காதீங்க, பரிசோதனைக்கே விட்டுடுங்க. நான் 100 ஸ்பீடு பிளாக் அண்ட் ஒயிட் போட்டு, மேகமூட்டமான நாள்ல எதிர்வீட்டு மதில் சுவரையே எடுத்தேன், எதிர்வீட்டு மாமி "ஏம்மா, சுவர்ல என்ன இருக்கு?"ன்னு வெளிய வந்து கேட்டாங்க. 1/500ல எஃப் 4, 1/250ல 5.6, 1/125ல 8, 1/60ல 11, 1/30ல 16, 1/15ல 22, 1/8ல 32. எல்லாமே ஒரே அளவு வெளிச்சம்தான், அதனால கழுவினப்புறம் நெகட்டிவ் எல்லாம் ஒரே கருப்புல இருக்கணும். எந்த ஃப்ரேம் மட்டும் கூடுதல் கருப்போ அந்த ஸ்பீடு இழுக்குதுன்னு அர்த்தம். நடுவுல வெயில் வந்துட்டா முதல்ல இருந்து எடுக்கணும், அது ஒரு தொல்லை. எனக்கு 1/500 மட்டும் கொஞ்சம் ஸ்லோ, ஏறத்தாழ 1/350 கணக்குல வருது. பாய்கிட்ட சொன்னா சிரிச்சாரு, "புதுசுலயே அப்படித்தாம்மா இருந்திருக்கும்"னு. நெகட்டிவ் ஃபிலிமுக்கு அரை ஸ்டாப், அதாவது அரைப் படி, கூடுதல் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்ல, ஸ்லைடு எடுக்கறவங்கதான் கவலைப்படணும். மிச்ச ஃப்ரேம்ல வெயில எதிர்த்து ஒண்ணு எடுத்து ஹேஸ் போச்சான்னு பாத்தேன், ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சு கறை இருக்கான்னும் பாத்தேன், இல்ல. இன்னொரு சின்ன விஷயம், பின்கதவு உள்ள இருக்கற அழுத்தத் தகடு 12, 24னு ரெண்டு நிலைல நகரும், 24ங்கறது 220 ஃபிலிமுக்கு, அது இப்ப கண்ணுலயே படறதில்ல, 12லயே இருக்கான்னு ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துடுங்க.

செலவு கேப்பீங்க. ரெண்டு கடையும் சேத்து, இந்த கேமரா இன்னைக்கு செகண்ட் ஹேண்ட்ல விக்கற விலைல கால்வாசி கூட ஆகல, அதுல முதல் கடைக்குக் குடுத்தது தண்டம். பாய் மாதிரி ஆள்கிட்ட பேரம் பேசாதீங்கன்னுதான் சொல்வேன், அவர் கேட்டது ஒரு ஏசி சர்வீஸ்காரர் வாங்கறத விட கொஞ்சம்தான் கூட, ஆனா ரெண்டு நாள் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்தாரு. அவசரப்படுத்தவும் வேண்டாம். "எப்ப கிடைக்கும்"னு தினம் ஃபோன் பண்ற கஸ்டமரோட கேமரா அவர்கிட்ட டின்லயே கிடக்குது, நானே பாத்தேன்.

வாங்கிட்டு வந்தப்புறம் தோல் உறைக்குள்ள போட்டு பீரோல வைக்காதீங்க, சென்னை ஈரத்துக்கு அதுதான் ஃபங்கஸ் பண்ணை. காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள கலர் மாறற சிலிகா ஜெல், ஒரு நல்ல ஈரமானி (ஹைக்ரோமீட்டர்), ஈரப்பதத்தை 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க. ரொம்பக் காய வச்சாலும் ரெக்சின், எண்ணெய்க்கெல்லாம் ஆகாது. ஷட்டரை இழுத்து வச்சபடி மாசக்கணக்குல விடாதீங்க, மாசம் ஒரு தடவ எல்லா ஸ்பீடுலயும் நாலு அடி அடிச்சுட்டு வைங்க, 1 செகண்ட் சத்தத்தைக் காது குடுத்துக் கேளுங்க.

புதுசா இந்த மாதிரி கேமரா வாங்கப் போறவங்களுக்கும் இதே கதைதான். விக்கறவர்கிட்ட "வொர்க்கிங் கண்டிஷனா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்தான் சொல்வாங்க. 1 செகண்ட்ல அடிச்சு சத்தத்தோட ஒரு வீடியோ, லென்ஸுக்குப் பின்னாடி இருந்து சாய்வா டார்ச் அடிச்சு ஒரு போட்டோ, இந்த ரெண்டையும் அனுப்பச் சொல்லுங்க. அனுப்பத் தயங்கினா அடுத்த ஆளப் பாருங்க, இன்னும் எத்தனையோ ஸ்டுடியோ பரண்ல யாஷிகா கிடக்குது.